விசா வேண்டாம் என்றால் அம்மாவை யாரும் எதுவும் கேட்க மாட்டார்களா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 56 வயது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கிராமம், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. 2017 மே மாதம் எடுத்த பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். முத்திரை (வெளிநாட்டு வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) இருக்கிறது. உங்கள் அக்கா மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறார், தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வருகிற தைப்பூசத்துக்கு அம்மா பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்து, முடிந்தால் சிங்கப்பூருக்கும் போய்வர வேண்டும். மலேசியாவுக்கு விசாவே வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள், உள்ளூர் ஏஜெண்ட் ஒருவர் விசாவுக்கு 15,000 ரூபாய் கேட்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், "அம்மா தனியாகப் போகிறார், எங்கேயும் நிறுத்தி வைத்துவிடக் கூடாது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். விசா விஷயமும் அதற்குள் வந்துவிடும்.

கும்பகோணத்தில் 20 வருஷத்துக்கு மேலாகப் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் வேலைதான் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அம்மா அப்பாக்கள்தான் அதிகம். முதல் தடவை விமானம் ஏறுகிறவர்கள், இங்கிலீஷ் தெரியாதவர்கள், மஞ்சள் பையில் பாஸ்போர்ட்டைச் சுருட்டி எடுத்து வருகிறவர்கள். அதனால் உங்கள் அம்மாவை எனக்குத் தெரிந்த மாதிரியே இருக்கிறது. அதே சமயம் நான் அதிகாரி இல்லை, வக்கீலும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் என்ன முடிவெடுப்பார் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. எது எழுதிய விதி, எது நான் அனுபவத்தில் கண்டது என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

எழுதிய விதியிலிருந்து தொடங்குவோம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வந்துபோகலாம் என்ற சலுகை 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலில் ஒரு வருஷத்துக்கு என்று அறிவித்தார்கள், பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். ஆகவே இன்றைய தேதியில் விசாவுக்கு 15,000 ரூபாய் கேட்பவர், இல்லாத ஒரு பொருளுக்கு விலை சொல்கிறார். அவரிடம் அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள். ஆனால் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள். தைப்பூசம் தை மாதத்தில் வருவது. தை பிறப்பதே ஜனவரி நடுவில். நீங்கள் சொல்கிற பயணம் 2027 ஜனவரியில் விழுகிறது, சலுகையோ டிசம்பரோடு முடிகிறது. போன தடவை டிசம்பர் கடைசி வாரம் நெருங்கும்போதுதான் நீட்டிப்புச் செய்தி வந்தது. இந்தத் தடவையும் நீட்டிப்பார்கள் என்பது என் எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு, பணம் திரும்ப வராத டிக்கெட்டைப் போட முடியாது. அதனால் நவம்பர் வரை பொறுங்கள், அல்லது கட்டணம் கட்டித் தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். நீட்டிக்கவில்லை என்றாலும் வழி அடைந்துபோகாது. சலுகைக்கு முன்பு பலர் ஆன்லைனில் இ-விசா எடுத்துத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. 2017 மே மாதம் எடுத்த பாஸ்போர்ட் 2027 மே மாதம் முடிகிறது. மலேசியாவில் இறங்கும்போது பாஸ்போர்ட் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஜனவரி கடைசியிலிருந்து எண்ணினால் அம்மாவிடம் நாலு மாதம்கூடத் தேறாது. இந்தப் பாஸ்போர்ட்டோடு போனால் மலேசியா வரைக்கும் போகவே மாட்டார், திருச்சியில் விமானக் கம்பெனி கவுண்டரிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன விதி என்று காட்டுகிற டிமாட்டிக் என்ற தொகுப்பைப் பார்த்துத்தான் அவர்கள் போர்டிங் பாஸ் தருகிறார்கள். போன இடத்தில் பயணியை உள்ளே விடாவிட்டால் திருப்பிக் கூட்டி வருகிற பொறுப்பு கம்பெனியின் தலையில் விழும். அதனால் செக்-இன் கவுண்டரில் இருக்கிற பிள்ளைகள் அதிகாரிகளைவிடக் கறாராக இருப்பார்கள். அவர்களிடம் கெஞ்சிப் பயனில்லை.

ஆக முதல் வேலை, பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது. முடிவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், எனவே இப்போதே செய்யலாம். உங்களுக்குத் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவா கேந்திரம் பக்கம். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய் கட்டணம். இதைச் செய்தால் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிற இ.சி.ஆர். விஷயமும் சேர்ந்தே தீர்ந்துவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

இ.சி.ஆர். முத்திரை அம்மாவின் மேல் போட்ட குறி இல்லை, அவர் பாதுகாப்புக்கு வைத்தது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் முன்கூட்டியே அரசின் அனுமதி வாங்க வேண்டும். வளைகுடா நாடுகளோடு மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை, இலங்கையும் இல்லை. படிக்காதவர்களை ஆசை காட்டிக் கூட்டிப்போய் விட்டுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களின் ஊர் இது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணிகளை நம்பிப் போனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் 1938இல் அன்றைய இந்திய அரசே அந்த ஆள் அனுப்புதலை நிறுத்தியது. என் அப்பாவின் அத்தை 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போனவர். கடைசி வரை ஊருக்குத் திரும்பவே இல்லை. அதனால் அந்த முத்திரையைப் பார்த்து எனக்குக் கோபம் வராது.

ஆனால் அது வேலைக்குப் போகிறவர்களுக்கு. இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ளவர் உறவினரைப் பார்க்கப் போகிறார், வேலைக்கில்லை என்றால் அனுமதி தேவையில்லை. செல்லுபடியாகும் விசாவும் ரிட்டர்ன் டிக்கெட்டும் இருந்தால் போதும். மலேசியாவுக்கு விசாவே இல்லை என்பதால் காட்டுவதற்கு மிஞ்சுவது ரிட்டர்ன் டிக்கெட்தான். 'போகும் டிக்கெட்டை மட்டும் போடுவோம், வருவதை அக்கா அங்கே பார்த்துக்கொள்வாள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்னொன்று, 50 வயதைத் தாண்டியவர்கள் படித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இ.சி.ஆர். பிரிவில் வர மாட்டார்கள். 2017இல் அம்மாவுக்கு 47 வயது, முத்திரை விழுந்தது. இப்போது 56. புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது படிவத்தில் அந்தக் கேள்விக்கு இ.சி.ஆர். வேண்டியதில்லை என்று குறித்தால் போதும், பிறந்த தேதியே சான்று. பள்ளிச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். இந்த விலக்கு தெரியாமல், முத்திரையை எடுத்துத் தருகிறேன் என்று சொன்ன தரகர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேவா கேந்திரத்துக்குப் போவதற்கு முன்பு பாஸ்போர்ட்டில் அம்மாவின் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். என் வேலையில் பாதி நேரம் இதில்தான் போகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். உதாரணத்துக்கு, அம்மா பெயர் சரோஜா என்றால் சொந்தப் பெயர்க் கட்டத்தில் சரோஜா இருக்கும், மற்றது காலியாக இருக்கும். மகன் டிக்கெட் போடுவான், இணையதளம் கடைசிப் பெயரைக் கேட்கும், அவன் அப்பா பெயரைச் சேர்த்து சரோஜா கோவிந்தராஜன் என்று அடித்துவிடுவான். திருச்சியில் கவுண்டரில் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் வேறு பெயர். அங்கே நின்றுகொண்டு பெயரைத் திருத்துவதற்குள் விமானம் போய்விடும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் என்றால் அந்த விமானக் கம்பெனி எப்படி நிரப்பச் சொல்கிறதோ அப்படியே நிரப்புங்கள். பல கம்பெனிகள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். சரோஜா சரோஜா என்று வரும், பார்க்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. மலேசியாவுக்கு ஒற்றைப் பெயரால் தடையில்லை. ஆனால் துபாய், ஷார்ஜா போகிறவர்கள் கவனிக்க வேண்டும். சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் உட்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். அம்மாவுக்குப் புதுப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரையும் சேர்த்துவிடலாமா என்றால், ஆதாரிலும் மற்றச் சான்றுகளிலும் பெயர் அதே எழுத்தில் இருந்தால் மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்றால் இந்த அவசரத்தில் அதைத் தொடாதீர்கள். இருக்கிற பெயரிலேயே போய்வரட்டும்.

அப்புறம் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை. விசா விலக்கு இருந்தாலும் இது கட்டாயம், 2024 ஜனவரியிலிருந்து. இறங்குகிற நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். ஒரு பைசா கட்டணம் கிடையாது. தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் காசு கேட்கிற தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். தளத்தின் பெயர் gov.my என்ற மலேசிய அரசின் எழுத்துகளோடு முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் வீட்டு முகவரி, திரும்பும் தேதி எல்லாம் கேட்பார்கள். முகவரியில் அக்கா வீட்டு அஞ்சல் எண் உட்பட முழுசாகப் போடுங்கள். வெறும் கிள்ளான் என்று போடாதீர்கள். மின்னஞ்சலில் வருகிற உறுதிச் சீட்டை அச்செடுத்து அம்மா கையில் கொடுங்கள். ஃபோனில் இருக்கிறதே என்பீர்கள். ஃபோன் சார்ஜ் இறங்கிவிடும், அம்மாவுக்கு அதைத் திறந்து காட்டத் தெரியாமல் போகும். காகிதம் அப்படி இல்லை.

இனி, அனுபவத்தில் கண்டது. விசா என்பது வாசல் வரை வருவதற்கு அனுமதி. உள்ளே விடுவது கவுண்டரில் இருக்கிற அலுவலரின் அதிகாரம், எந்த நாடானாலும் சரி. விசா எடுத்துப் போகிறவரை ஒரு தடவை முன்கூட்டியே விசாரித்திருப்பார்கள். விசா இல்லாமல் போகிறவரை அந்தக் கவுண்டரில்தான் முதல் தடவையாக விசாரிக்கிறார்கள். ஆகவே விசா விலக்கு வந்த பிறகு கேள்விகள் குறையவில்லை, கவுண்டருக்கு இடம் மாறியிருக்கின்றன. சலுகையை வைத்துக்கொண்டு வேலைக்கு உள்ளே போகிறவர்களும் இருப்பதால் அலுவலர்கள் உஷாராக இருக்கிறார்கள். திருப்தி இல்லை என்றால் உள்ளே விடாமல் அடுத்த விமானத்தில் அனுப்பிவிடலாம்.

சில வருஷத்துக்கு முன்பு கொரடாச்சேரிப் பக்கத்து அம்மா ஒருவரை நான்தான் டிக்கெட் போட்டு அனுப்பினேன். எந்த நாடு என்பது வேண்டாம். மருமகளுக்குப் பிரசவம் ஆகி ஒரு மாதம். கவுண்டரில் இருந்த அலுவலர் நல்லவேளையாகத் தமிழ் பேசுகிறவர். "எதுக்கும்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவர், "பேரனைப் பாத்துக்க வந்தேன்" என்றிருக்கிறார். "சம்பளம் எவ்வளவு?" அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. செலவுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "அதெல்லாம் வீட்டுக்குப் போனா குடுத்துருவாங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். மகனை ஃபோனில் பிடித்து, அவருடைய வேலை அனுமதிச் சீட்டைப் பார்த்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். "பேரனைப் பாக்க வந்தேன்" என்றிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நம் வீட்டுப் பேச்சில் பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும் ஒன்றுதான். பேரன் வீட்டுக்குப் போனால் தூக்கி வைத்துக்கொள்ளாத பாட்டி உண்டா? ஆனால் அந்தக் கவுண்டரில் பார்த்துக்கொள்வது என்றால் வேலை. அந்த அலுவலர் மேல் தப்பில்லை. வீட்டு வேலைக்கும் குழந்தை பார்க்கவும் விருந்தாளி என்ற பெயரில் ஆட்களைக் கூட்டி வருகிறவர்களைத்தான் அவர் தினமும் பார்க்கிறார். தப்பு என்னுடையது, சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். மகன் எனக்கு ஃபோன் பண்ணி அழுத குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு என் கடையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அம்மாக்களை எதிரே உட்கார வைத்து நானே கவுண்டர் அலுவலர் மாதிரி கேட்பேன். எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு, அவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், எத்தனை நாள், திரும்புகிற டிக்கெட் எங்கே, ஊரில் யார் இருக்கிறார்கள். இவ்வளவுதான் கேட்பார்கள். பொய் சொல்லிக் கொடுக்க மாட்டேன், நீங்களும் சொல்லிக் கொடுக்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே பொய் உடைந்துவிடும். உண்மையைச் சின்னதாகச் சொல்லப் பழக்குங்கள். "மக வீட்டுக்குப் போறேன். தைப்பூசம் பாக்கணும். இருபத்தொரு நாள். இந்தாங்க டிக்கெட்." இதை வீட்டில் நாலு தடவை பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், போதும். தமிழ் தெரிந்தவர் கவுண்டரில் இருந்தால் நல்லது. அதை நம்பி மட்டும் அனுப்ப வேண்டாம். அக்காவின் பெயர், முழு முகவரி, ஃபோன் எண், அம்மாவின் விமான எண், திரும்பும் தேதி எல்லாவற்றையும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரே தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அக்காவின் அடையாள அட்டை நகலும், அவர் கைப்பட எழுதிய அழைப்புக் கடிதமும் இருக்கட்டும். கடிதம் கட்டாயம் என்று விதி இல்லை. ஆனால் பேச்சு வராத நேரத்தில் அது பேசும். கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று ஆளுக்கு ஒரு தொகை சொல்வார்கள். அதில் எதையும் விதி என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் ரிங்கிட் கையிலும், மூன்று வாரத்துக்குத் தாங்கக்கூடிய பணம் கணக்கிலும் இருந்தால் நான் அனுப்பிய யாருக்கும் சிக்கல் வந்ததில்லை.

இன்னொரு சின்ன விஷயம், விரல் ரேகை. மலேசியாவில் இரண்டு ஆள்காட்டி விரலையும் பதிவு செய்வார்கள். அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர் என்றால் ரேஷன் கடையில் விரல் பதியாமல் நாலு தடவை வைத்துப் பார்த்த அனுபவம் அவருக்கு இருக்கும். அங்கேயும் அதேதான் நடக்கும். பயப்பட ஒன்றுமில்லை, துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார்கள். ஊருக்குப் போகிறோம் என்று விரல் நுனியில் மருதாணி மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ராத்திரியில் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவி வரச் சொல்லுங்கள். மூட்டுவலி இருந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். தள்ளிக்கொண்டு வருகிறவர் கவுண்டர் வரை கூடவே இருப்பார். தனியாகப் போகிற அம்மாக்களுக்கு அது பெரிய தைரியம். (பத்துமலையில் 272 படி என்பதையும் அக்காவிடம் நினைவுபடுத்துங்கள். தைப்பூசக் கூட்டத்தில் ஏற வேண்டாம், அடுத்த வாரம் ஒரு காலை நேரம் ஏறட்டும்.)

30 நாள் வரை தங்கலாம் என்பதற்காக முழு 30 நாளும் தங்கப் பார்க்காதீர்கள். நீங்கள் சொன்ன 21 நாளே போதும். 'ஒரு நாள் எல்லை தாண்டிப் போய் மறுபடி உள்ளே வந்தால் இன்னொரு 30 நாள்' என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படி ஓர் உரிமை யாருக்கும் இல்லை, விடுவதும் விடாததும் அலுவலரைப் பொறுத்தது. தங்கும் காலம் கடந்து மாட்டினால் மலேசியச் சட்டத்தில் அபராதமே 10,000 ரிங்கிட்டில் தொடங்குகிறது, 5 வருஷம் வரை சிறையும் உண்டு.

சிங்கப்பூர் விஷயம் வேறு. நமக்கு அங்கே விசா கட்டாயம். 14ஏ என்ற விசா விண்ணப்பப் படிவம், திருப்பித் தரப்படாத 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ தெரிந்தவராக இருந்தால் அவர் சிங்பாஸ் என்ற தன் அரசு இணையக் கணக்கில் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற விசா முகவர் வழியாகத்தான். முகவர் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்குவார், அது நியாயம். பயணத்துக்கு 3 நாளுக்குள் அவர்களுடைய வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். இதில் நம் ஆட்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. விசாவில் இரண்டு வருஷம் என்று தேதி போட்டு வரும். அது எத்தனை நாள் தங்கலாம் என்பதல்ல, அதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது. எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் கவுண்டரில்தான் முடிவு செய்கிறார்கள். மின்னஞ்சலில் இ-பாஸ் என்று வரும், அதில் உள்ள தேதிதான் கணக்கு. அதைப் பார்க்காமல் விசாவைப் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். 90 நாள் வரை கூடுதலாகத் தங்கினால் 4,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. அதற்கு மேல் போனால் பிரம்படியும் சட்டத்தில் இருக்கிறது. பேரக் குழந்தைகளோடு மாதக்கணக்கில் இருக்க வேண்டும் என்றால் அதற்கு நீண்டகால வருகை அனுமதி என்று தனியாக இருக்கிறது. வேலை அனுமதியில் இருக்கிற மகனோ மகளோ பெற்றோருக்கு அதைக் கேட்க வேண்டுமானால் மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருக்க வேண்டும்.

என் யோசனை என்ன என்றால், இந்தத் தடவை சிங்கப்பூரை விட்டுவிடுங்கள். முதல் பயணத்திலேயே இரண்டு நாடு, இரண்டு அட்டை, ஒரு விசா, நடுவில் பஸ்ஸில் எல்லை தாண்டுவது, இவ்வளவும் தனியாகப் போகிற அம்மாவுக்கு அதிகம். போதாததற்குக் கோலாலம்பூரில் இறங்கிச் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிற டிக்கெட் என்றால், திருச்சியில் சிங்கப்பூர் விசா எங்கே என்று கேட்பார்கள். அந்த விசா பயணத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள்தான் கைக்கு வரும், வராமலும் போகலாம். உங்கள் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்காரர்தானே? அதே சலுகை அவருக்கும் உண்டு. வருகை அட்டையை நிரப்பிக்கொண்டு அவர் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை கிள்ளான் பக்கம் வந்துவிடலாம். அம்மா அவனைத் தேடிப் போவதைவிட அவன் அம்மாவைத் தேடி வருவது சுலபம். அக்கா வீட்டில் மூன்று பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அம்மாவுக்கு அதைவிட என்ன வேண்டும்.

பெட்டி கட்டும்போது மருந்து மாத்திரையைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நகை போட்டுப் போகிறார் என்றால் கிளம்பும்போது திருச்சி சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வாக்குவாதம் இல்லை. இரட்டைவடச் சங்கிலியை வீட்டிலேயே விட்டுப் போவது அதைவிட நல்லது. என்றைக்காவது சிங்கப்பூர் போவதென்றால் மெல்லுகிற புகையிலையை எடுத்துப் போகவே கூடாது, அங்கே தடை. குழம்புக்கு என்று கசகசா கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். நமக்கு அது மசாலா, துபாயிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிற சரக்கு.

உங்கள் கேள்விக்கு வெளியே ஒன்று சொல்ல வேண்டும், இதை வேறு பிள்ளைகளும் படிக்கலாம் என்பதால். அந்த ஏஜெண்ட் அம்மாவிடமோ உங்களிடமோ, 'விசா இல்லாமல் போய் இறங்குங்கள், ஓட்டலில் வேலை போட்டுத் தருகிறேன், பர்மிட் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று பேசியிருந்தால் அந்த வாசலை இனி மிதிக்காதீர்கள். 30 நாள் சலுகையில் வேலை செய்வது குற்றம். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன்கள் இப்படிப் போய்ப் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்துவிட்டு வெளியே தலைகாட்ட முடியாமல் இருந்ததை அவர்கள் அப்பாக்கள் என் எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். வேலைக்குப் போவதென்றால் ஆள் அனுப்புகிறவர் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். மாட்டிக்கொண்டவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தையும், இங்கே அயலகத் தமிழர் நலத் துறையையும் அணுகலாம். வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தக் கடத்த அபராதம்தான் ஏறும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். இந்த வாரமே தஞ்சாவூருக்கு நாள் குறியுங்கள். ஆதாரும் பழைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். கஜா புயலில் நனைந்து பக்கம் ஒட்டிப்போன பாஸ்போர்ட்டுகள் உங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அம்மாவுடையதும் அப்படி என்றால் மறைக்காமல் படிவத்திலேயே சேதமானது என்று சொல்லிவிடுங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் முதல் பக்கத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். நவம்பர் கடைசியில் மலேசியா என்ன அறிவித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட்டை அப்போது பேசிக்கொள்ளலாம்.